கைப்பிடி

பனச்சமூடு தாண்டியதும்
கேரளத்துக்கு நல்வரவு என்று சொல்லும் அலைபேசி
அடுத்த வளைவிலேயே மனம் மாறித்
தமிழ்நாட்டுக்கு வரவேற்கும்.
அந்த வளைவில் ரெக்ஸ்லினின் வீடு.

பூச்சு காய்ந்துவிட்டது. தரையெங்கும் சிமென்ட் சாக்கு.
லேசர் அளவுகோலின் சிவப்புப் புள்ளி
எதிர்ச்சுவரில் ஒரு எறும்பின்மேல் போய் உட்கார்ந்தது.
பதினோரடி நான்கங்குலம்.
எறும்பு நகர்ந்தது. அளவு அப்படியே இருந்தது.

மடிக்கணினியில் எல்லாம் தயார்,
இந்த வருடம் எல்லோரும் கேட்பதுபோலவே.
ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் சுவர்.
டிவிக்குப் பின்னால் வரிவரியாய் மரப்பலகை.
ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிந்து ஒழுகும் வெளிச்சம்.
படத்தின் ஜன்னலில் ஏதோ குளிர்தேசத்து மரம்;
இங்கே ஜன்னலுக்கு வெளியே
சிரட்டை கட்டிய ரப்பர்.

சமையலறைக்குச் சுவர் இல்லை, கதவு இல்லை.
அது வருகிறவர்கள் பார்க்க.
சாளை பொரிக்கப் பின்னால் இன்னொன்று.
அதற்கும் பின்னால் ஒர்க் ஏரியா,
தேங்காய் துருவ, குழந்தையைத் திட்ட,
நின்றபடி தேநீர் குடிக்க.

அலமாரிகளுக்குப் பிடி கிடையாது, அழுத்தினால் திறக்கும்.
ஹேண்டில்லெஸ் என்று சொல்லும்போது
என் குரல் ஒரு படி ஏறும்.
மார்த்தாண்டம் ஷோரூமில் பழக்கியது அப்படி.

மஸ்கட்டிலிருந்து திரையில் வந்தாள்.
நீலச் சீருடை, கழுத்தில் அட்டை,
மாஸ்க் அழுத்திய கோடு கன்னத்தில் இன்னும் சிவப்பாய்.
இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
படங்களை ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
பேச்சே இல்லை.
நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"பிள்ளே, இது எங்க ஒன்பதாம் மாடிதான், கேட்டியா.
இதே கலர் சுவரு. லைட்டும் இப்படித்தான்,
எங்கேருந்து வருதுண்ணே தெரியாது.
ஆளு செத்தாலும் அங்க வெளிச்சம் மாறாது."

வார்ம் மினிமல், அக்கா, என்றேன்.
அந்தச் சொல் கடல் தாண்ட இரண்டு நொடி ஆனது.
போய்ச் சேர்ந்த இடத்தில்
அதற்கு உட்கார நாற்காலி இல்லை.

"பதினாலு வருசமா முழங்கையால கதவு தள்ளுதேன்.
குழாய்க்கும் முழங்கைதான். சோப்புக்கும் அதுதான்.
தொட்டா கழுவணும்.
கழுவினா மறுபடி தொடக்கூடாது.
வீட்டுலயாவது
ஒண்ணைப் பிடிச்சு இழுத்துத் திறக்கணும் எனக்கு.
பிடி வையி.
பித்தளையோ இரும்போ, என்னமாம்.
ஈரக்கையில வழுக்காம இருந்தா போதும்."

கீழ் டிராயர் பதினாலு.
மேல் அலமாரி பன்னிரண்டு.
மூன்று படுக்கையறைக்கும் சேர்த்துப் பதினெட்டு.
செருப்பு வைக்க இரண்டு.
மருந்துப் பெட்டிக்கு ஒன்று என்றதும் நிறுத்தினாள்.
"அதுக்கு வேண்டாம். அது எங்க இருக்குண்ணே
எனக்குத் தெரியாண்டாம்."

நாற்பத்தாறு.

பஸ் வந்தது.
போனை மார்போடு சாய்த்துக்கொண்டு ஏறினாள்.
ஒரு நொடி திரை முழுவதும் அவள் கை,
கம்பியைப் பற்றியபடி.
விரல்நுனிகள் வெளிறி,
கணுக்களில் ஸ்பிரிட் குடித்த வெடிப்புகள்.
பிறகு படம் உறைந்தது.
உறைந்ததை நானும் மூடவில்லை.

பிடிகள் எல்லாம் கடையின் மாடியில்,
போன வருடத்துச் சரக்கோடு, தூசியில்.
வகைக்கு ஒன்றாய்க் கழிவறைக்கு எடுத்துப்போய்
வாஷ்பேசின் மேல் வைத்தேன்.
கையில் சோப்பு நுரைத்து
ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்.
பளபளப்பானவை எல்லாம் வழுக்கின.
மேனேஜர் சுஜின்ராஜ் கதவருகே நின்று
என்ன செய்கிறாய் என்றார்.
அளவெடுக்கிறேன் என்றேன்.
நான்காவது,
சொரசொரப்பாய், கறுப்பாய், கொஞ்சம் கனமாய் ஒன்று
கையை விடவில்லை.